ஃபேனா, ஏசியா?

மே மாசம், சென்னை, ராத்திரி 11 மணி. ரிமோட்டை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், மக்களே.

ஃபேன் ரூமைக் குளிர வைக்காது. நம்ம வியர்வையை ஆவியாக்கி, உடம்பைத்தான் குளிர வைக்குது. ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடினா கரண்ட் தண்டம்.

75 வாட் ஃபேன் 8 மணி நேரம் ஓடினா 0.6 யூனிட். ஒன்றரை டன் ஏசி அதே நேரத்துல 8 யூனிட்கூட இழுக்கலாம். அதனால ஏசியை 26, 27ல வெச்சு, கூடவே ஃபேனை மெதுவா சுத்த விடுங்க. பில் குறையும், தூக்கமும் வரும்.

ஆனா மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, மதியம் ரூமுக்குள்ளேயே 40 டிகிரி தாண்டுதுன்னா, ஃபேன் அனல் காத்தைத்தான் மேல வீசும். வீட்டுல தாத்தா பாட்டி, கைக்குழந்தை இருந்தா அன்னிக்கு பில்லைப் பார்க்காதீங்க, ஏசியைப் போடுங்க. ஏசி இல்லையா? ஈரத்துணியால உடம்பைத் துடைச்சு விட்டு, குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.