கரையோடு ஒரு நடை – 9: தோதான திமிங்கிலம்

திமிங்கிலம் பார்ப்பதென்றால் விடியலில் படகேற வேண்டும். குடலைப் புரட்டும் அலையைத் தாங்க வேண்டும். கடைசியில் ஒன்றும் தென்படாமல் கரை திரும்பவும் நேரலாம். தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸில் இந்தப் பாடெல்லாம் இல்லை. கேப்டவுனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரில், பாறை விளிம்பில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும்.

மேற்கே புதுத் துறைமுகத்தில் தொடங்கி, கிழக்கே குரோட்டோ கடற்கரைப் பக்கம்வரை ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்குப் போகிறது பாதை. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் பழைய துறைமுகத்தருகே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒருபக்கம் ஃபைன்போஸ் புதர்கள், மறுபக்கம் வாக்கர் விரிகுடா. பாறைகளில் வெயில் காயும் டாஸி என்ற பிராணியைப் பார்த்தால் பெருச்சாளி என்றே தோன்றும். உறவுமுறையில் அது யானைக்குப் பக்கம்!

ஜூன் முதல் நவம்பர் வரை இங்கே விருந்தாளிக் காலம். தெற்கே, அண்டார்க்டிக் பக்கத்துக் குளிர்நீரில் மேய்ந்த திமிங்கிலங்கள் குட்டி போடவும் இணை சேரவும் இந்த விரிகுடாவுக்கு வருகின்றன.

முதலில் தெரிவது மூச்சு. கவட்டைபோல இரண்டாகப் பிரிந்து எழும்பும் நீர்த்தூவல். காற்றடங்கிய காலையில், லாரி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல அதன் சத்தமும் மேலே வரும். பிறகு துடுப்பே இல்லாத கரிய முதுகு. தலையில் வெள்ளைத் திட்டுகள். அவை காய்ப்பு ஏறிய தோல். வெள்ளையாகக் காட்டுவது அங்கே குடியிருக்கும் திமிங்கிலப் பேன்கள். இந்தக் காய்ப்பின் அமைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடும். அதுதான் அடையாள அட்டை.

திமிங்கிலம் வந்திருப்பதை அறிவிக்க 1992-லிருந்து ஊரில் ஒரு 'தண்டோராக்காரர்' வேலையே உண்டு. காய்ந்த கடற்பாசித் தண்டில் செய்த கொம்பை ஊதி, எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று சொல்வார்.

இந்தத் திமிங்கிலத்தின் ஆங்கிலப் பெயர் 'சதர்ன் ரைட் வேல்'. வேட்டைக்குத் தோதானது என்று பொருள் சொல்வார்கள். மெதுவாக நீந்தும், கரையை ஒட்டி வரும், செத்தாலும் மூழ்காமல் மிதக்கும், எண்ணெயும் நிறையத் தரும். இன்று பெஞ்சிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் அதே குணங்கள்தான் அன்று ஈட்டிக்கு வசதியாக இருந்தன. 1935-இல் சர்வதேசப் பாதுகாப்பு கிடைத்தது. அதன் பிறகும், 1960-களில் சோவியத் கப்பல்கள் மூவாயிரத்துக்கும் மேல் திருட்டுத்தனமாகக் கொன்றன.

தப்பியவை மெல்லப் பெருகின. பீட்டர் பெஸ்ட் என்ற ஆய்வாளர் 1969-இல் தொடங்கிய வான்வழிக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. காய்ப்பைப் படமெடுத்து, எந்தத் தாய் எந்த ஆண்டு குட்டியோடு வந்தது என்று பதிந்துவருகிறார்கள். அந்தப் பதிவேடு அண்மையில் வேறொன்றைக் காட்டுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஈன்றவை, இப்போது நான்கைந்து ஆண்டு எடுத்துக்கொள்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் அளந்தவற்றைவிட இன்றைய தாய்கள் 23 சதவீதம் மெலிவு. தெற்கே இரை குறைந்திருப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

விரிகுடாவில் தாய்க்குத் தீனி அனேகமாக இல்லை. கொண்டுவந்த கொழுப்புதான் பாலாக வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாலுக்காகக் காத்திருப்பதில்லை. மூச்சுத் துளைக்குப் பின்னால், பிடரி மேடாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

(தொடரும்)