கட்டளையிடாத தளபதியின் குற்றம்

போரில் நிராயுதபாணிகளைக் கொன்ற போர்வீரன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விடத்தில் இராதவரும், அதற்குக் கட்டளையிடாதவருமாகிய தளபதியும் குற்றவாளியாவாரோ? பன்னாட்டு நீதிமன்றங்களை இன்றளவும் இடர்ப்படுத்தும் வினா இது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் இவ்வினா யமாஷிட்டா வழக்கில் எழுந்தது. 1945இல் மணிலா நகரில் ஜப்பானியப் படையினர் திரளான பொதுமக்களைக் கொன்றனர். பிலிப்பைன்ஸில் படைத்தலைவராயிருந்த ஜெனரல் யமாஷிட்டா, தாம் அதற்குக் கட்டளையிடவில்லை என்றும், செய்தித் தொடர்பு அறுபட்டிருந்தமையால் அதனை அறியவுமில்லை என்றும் வாதாடினார். அமெரிக்க இராணுவ விசாரணை மன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவரது மனுவை ஏற்க மறுத்தது. நீதிபதிகள் மர்ஃபியும் ரட்லெஜும் மாறுபட்ட கருத்தை எழுதினர். எதிரியின் தொடர்புகளைச் சிதைத்தவர்களே, அவன் தன் படையை அடக்கவில்லை எனத் தண்டிப்பது முறையாகுமோ என்பது மர்ஃபியின் வாதத்தின் சாரம்.

இக்குறையைக் களையவே 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனம், 28ஆம் விதியில், தளபதியின் பொறுப்பை வரையறுத்தது. முதலாவது, படை அவரது மெய்யான கட்டுப்பாட்டில் இருந்திருக்கவேண்டும். இரண்டாவது, குற்றத்தை அவர் அறிந்திருக்கவேண்டும். அல்லது அச்சூழ்நிலையில் அறிந்திருக்கவேண்டியவராயிருக்கவேண்டும். மூன்றாவது, தடுக்கவோ தண்டிக்கவோ தம்மால் இயன்ற நியாயமான நடவடிக்கைகளை எடுக்கத் தவறியிருக்கவேண்டும்.

எழுத்தில் தெளிவாயிருப்பது சாட்சியத்தில் அவ்வளவு தெளிவாயிருப்பதில்லை. காங்கோ நாட்டைச் சேர்ந்த பெம்பாவின் படையினர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றைப் புரிந்தனர். ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவரில் மூவர் அவரை விடுவித்தனர். அயல்நாட்டில் போரிடும் படையைத் தொலைவிலிருந்து நடத்தும் தலைவருக்குள்ள இடர்ப்பாடுகளை விசாரணை மன்றம் போதிய அளவு கருதவில்லை என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. வழக்கில் பங்குகொண்ட 5,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோர், தண்டனைத் தீர்ப்பின்றி நின்றனர்.

ஆகவே அபாயம் இருபுறமும் உண்டு. பதவியொன்றே குற்றத்திற்குச் சான்று எனில், நீதி பழிவாங்குதலாகும். தொலைவே போதிய எதிர்வாதம் எனில், மேலிருப்போர் அனைவரும் தப்புவர். தளபதி எங்கே இருந்தார் என்பதைவிட, அவரால் இயன்றது யாது, அதில் அவர் செய்யாது விட்டது யாது என்பதையே நீதிமன்றம் வழக்குதோறும் பொறுமையுடன் ஆராயவேண்டியிருக்கிறது.