மூச்சுக்கு வழி திறந்திருக்கட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் காரக்கோணம் மருத்துவக் கல்லூரியைத் தெரியாமல் இருக்காது. அதன் பெயரில் உள்ள டாக்டர் சோமர்வெல் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? மூச்சு எப்படி உயிரைக் காக்கிறது என்ற பாடத்தையே அவர் கதையாகச் சொல்லிவிடலாம்.

ஆங்கிலேயரான ஹோவர்டு சோமர்வெல் அறுவை மருத்துவர், மலையேறும் வீரரும்கூட. 1922-இல் எவரெஸ்ட் குழுவில் வந்தவர், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். அன்று நெய்யூரும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். இடையே மாநில எல்லை வந்தது 1956-இல்தான்.

1924 ஜூன் 4 அன்று, நார்ட்டன் என்பவருடன், பிராணவாயு சிலிண்டர் இல்லாமலே எவரெஸ்டில் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறினார். ஒவ்வோர் அடிக்கும் பல முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஏன்?

காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. மலை உச்சியிலும் இது மாறுவதில்லை. குறைவது காற்றின் அழுத்தம். எவரெஸ்ட் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பிராணவாயு இரத்தத்தில் சேர அந்த அழுத்தம் வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க, விலா எலும்புகள் விரிகின்றன. காற்று மூக்கு, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் வழியாக நுரையீரலில் புகுந்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகளை அடைகிறது. அவற்றைச் சூழ்ந்த மெல்லிய இரத்தக் குழாய்களுக்குள் பிராணவாயு செல்ல, கரியமிலவாயு வெளியே வருகிறது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்க, இதயம் அதை உடலெங்கும் அனுப்புகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயு உடலுக்கு வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும்போது சோமர்வெல்லுக்கு வேறோர் ஆபத்து வந்தது. கடுங்குளிரும் வறண்ட காற்றும் புண்ணாக்கியிருந்த தொண்டையின் உட்சவ்வு உரிந்து, மூச்சு வழியை அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற நண்பரைக் கூப்பிடவும் குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது! பிழைத்து நெய்யூர் திரும்பியவர், 1940-களின் இறுதி வரை அங்கே பணிபுரிந்தார்.

நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தும், வழி அடைபட்டால் எல்லாம் வீண். பிராணவாயு இல்லாமல் மூளை சில நிமிடங்களே தாங்கும். இதற்கு எவரெஸ்ட் போக வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் ஒரு வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ போதும்.

குழந்தை பலமாக இருமினால் இருமவே விடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் தவித்தால், முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பலனில்லையென்றால், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. தலை தாழ்ந்திருக்கக் குப்புறப் பிடித்து முதுகில் 5 முறை தட்டி, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆபத்து வந்தபின் படிக்க நேரம் இருக்காது.