புற்றுநோய் பரவிய பின் வைத்தியருக்கு வேலை என்ன?

"புற்றுநோய் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டு இடிந்துபோன குடும்பங்கள் எத்தனையோ உண்டு. தோன்றிய இடத்தை விட்டு இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை முதலிய உறுப்புகளிற் குடியேறிய புற்றைப் பெரும்பாலும் வேரோடு களைய முடிவதில்லை என்பது உண்மையே. ஆயினும், நோயைக் களைய முடியாது என்பதும், நோயாளிக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதும் ஒன்றல்ல.

புற்றுநோய் வைத்தியரின் பணி இரு கூறுகளை உடையது. புற்றின் வளர்ச்சியைத் தடுப்பது ஒன்று. நோயும் மருந்தும் விளைக்கும் துன்பங்களைத் தணிப்பது மற்றொன்று. பின்னதே ஆதரவுச் சிகிச்சை எனப்படும். எலும்பிற் பரவிய புற்றால் உண்டாகும் வலியை எடுத்துக்கொள்வோம். அவ்விடத்தில் ஒரே ஒரு முறை செலுத்தும் கதிர்வீச்சே பலருக்கு வலியைக் குறைத்துவிடுகிறது. மருந்தினால் வரும் வாந்தியை முன்கூட்டியே தடுக்க மாத்திரைகள் உண்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சுத் திணறினால், அந்நீரை வடித்து ஆறுதல் அளிக்கலாம். முதுகெலும்பிற் பரவிய புற்று தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே, புதிய முதுகுவலியையும் கால் தளர்ச்சியையும் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

மார்ஃபின் என்றதும், "முடிவு நெருங்கிவிட்டது" என்று அஞ்சி, நோயாளியை வலியோடு விட்டுவிடுவோர் பலர். இலண்டனில் 1967ஆம் ஆண்டில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்னும் நோயாளர் இல்லத்தைத் தோற்றுவித்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இவ்வச்சத்தைப் போக்க அரும்பாடுபட்டார். வலி மீண்டும் தலைதூக்குமுன், நேரந்தவறாமல் மருந்தளிக்கவேண்டும் என்பது அவர் முறை. மனக்கவலையும் குடும்பக்கவலையும் வலியின் கூறுகளே என்பதையும் அவர் வற்புறுத்தினார். 1986ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வலிமருந்துப் படிமுறையில் மார்ஃபின் மேற்படியில் இடம்பெற்றது. அதனால் உண்டாகும் மலச்சிக்கலுக்கும் வைத்தியர் உடனே மருந்து தருவார்.

ஆதரவுச் சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டுமே உரியதா? அமெரிக்காவில், பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. நுரையீரற் புற்று பரவியிருப்பது அண்மையில் கண்டறியப்பட்ட 151 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினரும் வழக்கமான புற்றுநோய் வைத்தியத்தைப் பெற்றனர். ஒரு பிரிவினருக்குத் தொடக்கமுதலே ஆதரவுச் சிகிச்சையும் கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஆதரவு பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. இறுதிக் காலத்தில் கடுமையான வைத்தியத்துக்கு உட்பட்டோரும் குறைவு. அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள், மற்றவர்களுடையதோ 8.9 மாதங்கள். பின்வந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் ஆயுள் நீளவில்லை எனினும், நோயாளியின் வாழ்வு நலமடைவது பலவற்றிற் புலனாயிற்று.

நம் வீடுகளில் நோயாளியிடம் உண்மையை மறைப்பதே அன்பு என்று கருதுகிறோம். உண்மையை அறியாதவர் தம் விருப்பத்தை எவ்வாறு சொல்வார்? வீட்டில் இருக்கவேண்டுமா, பேரனின் திருமணத்தைக் காணவேண்டுமா என்பதை அவரே கூறினாலன்றோ வைத்தியரும் அதற்கேற்ப வழிவகுக்க இயலும்! ஆகவே, "இன்னும் எத்தனை நாள்?" என்று மட்டும் கேளாமல், "இவர் இன்றிரவு வலியின்றி உறங்க என்ன செய்யலாம்?" என்றும் முதல் நாளிலேயே வைத்தியரைக் கேளுங்கள்.