ராக்கெட்டில் ஒட்டிய கொட்டலசு

எங்கள் இண்டூர்ப் பக்கம் கடல் என்றால் கருவாடு. அதற்கு மேல் பழக்கமில்லை. அதனாலோ என்னவோ, கரையில் இன்னது ஒதுங்கியது என்று செய்தி வந்தால் கடலோரத்துக்காரர்களைவிட நாங்கள்தான் ஆவலாகப் படிக்கிறோம். 2020 ஜூனில் மாமல்லபுரத்தை அடுத்த கோகிலமேடு குப்பத்தில் ஒரு டிரம் ஒதுங்கியது. உள்ளே சீனத் தேயிலை என்று அச்சிட்ட பொட்டலங்கள். சோதித்துப் பார்த்தால் மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள். 2022 மே மாதம் அசானி புயல் அடித்த நேரத்தில், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் சுன்னாபள்ளிக் கரைக்குப் பொன்னிறத் தேர் ஒன்று மிதந்து வந்தது. வங்கக் கடலுக்கு அக்கரையில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து அறுத்துக்கொண்டு வந்திருக்கும் என்றார்கள்.

இவையெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ராக்கெட் துண்டைப் பற்றி. அதைவிட, அதில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சிற்றுயிரைப் பற்றி.

2019 டிசம்பர் தொடக்கத்தில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்களின் வலையில் பெரும் பாரம் ஒன்று சிக்கியது. படகுகள் சேர்ந்து இழுத்துக் கரைசேர்த்தால், 13 மீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் ஓர் உருளை. அதன்மேல் எழுத்தும் எண்ணும் தெளிவாகவே இருந்தன. அடையாளம் காணச் சிரமமே இல்லை. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் அடிப்பகுதியைச் சுற்றிக் கட்டியிருக்கும் ஆறு துணை மோட்டார்களில் ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 12 டன் திட எரிபொருள் இருக்கும். ராக்கெட் கிளம்பிச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் ஆறும் வேலையை முடித்துக் கழன்று வங்கக் கடலில் விழுந்துவிடும். இது வலையில் சிக்குவதற்குச் சில நாள்களுக்கு முன், நவம்பர் 27 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி47 கிளம்பியிருந்தது. இஸ்ரோவுக்குத் தகவல் போனது, ஆட்கள் வந்தார்கள், கதை முடிந்தது.

அதே பிஎஸ்எல்வி குடும்பத்தின் இன்னொரு துண்டு 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகருக்கு வடக்கே சுமார் 250 கிலோமீட்டரில் உள்ள கிரீன் ஹெட் என்ற சிற்றூரில் ஒதுங்கியது. ஆளைவிட உயரமான, செம்பு நிற உருளை. இதில் படிக்கும்படி எழுத்து எதுவும் இல்லை. காணாமல்போன மலேசிய விமானமான எம்எச்370இன் பாகமாக இருக்குமோ என்றுகூடப் பேசினார்கள். காவலர்கள் சுற்றி நின்று யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே எரிபொருள் மிச்சமிருந்தால் ஆபத்து. ஆய்வுக்குப் பிறகுதான் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்த மாதக் கடைசியில், இது பெரும்பாலும் பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலைதான் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்தது. இஸ்ரோவும் ஒப்புக்கொண்டது.

மூன்றாம் நிலை என்பது சுமார் இரண்டு மீட்டர் விட்டமுள்ள திட எரிபொருள் மோட்டார். அதன் கூடு உலோகமல்ல. குண்டு துளைக்காத உடுப்பில் பயன்படும் கெவ்லார் இழையைப் பிசினில் தோய்த்து, நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் செய்வது. ஏழு டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளைச் சுமந்து, இரண்டு நிமிடத்துக்குள் எரித்துத் தீர்த்துவிட்டு, சுற்றுப்பாதைக்குத் தேவையான வேகத்தை எட்டாமலேயே கழன்று திரும்பிக் கடலில் விழும். காலிக் கூடு எடை குறைவு, உறுதி அதிகம், உப்புநீரில் துருப்பிடிக்காது. மிதந்து போவதற்கென்றே செய்ததுபோல ஆகிவிட்டது.

கிரீன் ஹெட்டில் அந்த உருளையைப் பார்த்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அதன் மேலெல்லாம் அப்பிக் கிடந்த பார்னக்கிள்கள். தமிழில் கொட்டலசு என்று எழுதுகிறார்கள். சிப்பி மாதிரி ஓடு இருப்பதால் சிப்பி வகை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து திரியும். கடைசிக் குஞ்சுப் பருவத்தில் இரை எடுப்பதே இல்லை. ஒட்ட இடம் தேடுவது ஒன்றுதான் வேலை. இடம் கிடைத்ததும் உணர்கொம்பிலிருந்து ஒரு பசையைச் சுரந்து தலையை அங்கே பதித்துக்கொள்ளும். அப்புறம் ஆயுள் முழுக்கத் தலைகீழ் வாழ்க்கைதான். இறகு போன்ற கால்களை ஓட்டுக்கு வெளியே நீட்டி, நீரில் வரும் நுண்ணுயிர்களை வாரித் தின்னும். டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளையே அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவற்றில் காம்புள்ள வகை ஒன்று உண்டு. நடுக்கடலில் மிதக்கும் எதுவும் அதற்கு வீடு: மரக்கட்டை, பாட்டில், வலைமிதவை, ராக்கெட். இதன் வெளிர்நீல ஓட்டையும் நீண்ட காம்பையும் பார்த்த பழைய ஐரோப்பியர்கள், ஒரு வகை வாத்து இதிலிருந்துதான் பிறக்கிறது என்று நம்பினார்கள். அந்த வாத்து முட்டையிடுவது ஆர்க்டிக் பகுதியில். அதனால் அந்தக் காலத்தில் அதன் கூட்டை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. கடலில் பிறந்தது மீன்தானே என்று சொல்லி விரத நாளிலும் வாத்துக்கறி சாப்பிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் இன்னசென்ட் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. விரதத்துக்கு ஓட்டை கண்டுபிடிப்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

ஆய்வாளர்களுக்கு இந்த உயிர் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. மிதக்கும் பொருள் கடலில் விழுந்த பிறகுதான் இது அதில் ஒட்ட முடியும். எனவே மிகப் பெரிய கொட்டலசின் வயது தெரிந்தால், அந்தப் பொருள் குறைந்தது அவ்வளவு காலமாவது கடலில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஓடு வளர வளரப் படலம் படலமாகச் சுண்ணாம்பு சேர்கிறது. அந்தச் சுண்ணாம்பில் ஆக்சிஜனின் எடை கூடிய வகையும் குறைந்த வகையும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் எடை கூடியது அதிகம் சேரும். ஓட்டை வரிசையாகச் சுரண்டி அளந்தால், எந்தெந்த வெப்பமுள்ள நீரைக் கடந்து வந்தது என்று தெரியும். கடல்வெப்ப வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால் வந்த வழி கிடைக்கும்.

2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு எம்எச்370 விமானத்தினுடையது. அதிலும் கொட்டலசுகள் நிறைய. படத்தைப் பார்த்த தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் கிரிகரி ஹெர்பர்ட்டுக்கு இந்த யோசனை தோன்றியது. அவரும் உடன் ஆய்வாளர்களும் வெப்பம் தெரிந்த நீரில் உயிருள்ள கொட்டலசுகளை வளர்த்து, ஓட்டு வேதியியலையும் வெப்பத்தையும் இணைக்கும் கணக்கை உருவாக்கி, 2023இல் வெளியிட்டார்கள். அந்த இறக்கைத் துண்டிலிருந்து சோதிக்கக் கிடைத்தது ஒரு சிறிய கொட்டலசு. அதனால் பயணத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே மீட்க முடிந்தது. பெரிய ஓடுகளையும் இதே முறையில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இப்படி ஒதுங்கும் ராக்கெட் துண்டு யாருக்குச் சொந்தம்? கண்டெடுத்தவருக்கு அல்ல. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, எங்கே விழுந்தாலும் ஏவிய நாட்டுக்கே உரிமை. உரிமையோடு பொறுப்பும் வருகிறது. 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பகுதியில் சிதறியபோது, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக உள்ளூர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. பாதி வேடிக்கைதான். நாசா கட்டவில்லை. 2009இல் ஓர் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து அந்தக் கணக்கை முடித்துவைத்தார்.