இமை ஓரத்தில் தீராத அரிப்பா? இமை அழற்சியைத் தெரிந்துகொள்வோம்



காலையில் எழுந்ததும் இமை ஒட்டிக்கொண்டு, விரலால் பிரித்துத் திறக்க வேண்டியிருக்கிறதா? இமை ஓரம் சிவந்து, இமை முடியின் அடியில் பொடுகு மாதிரி செதில் படிந்திருக்கிறதா? கண்ணில் மண் விழுந்தாற்போல உறுத்தலும் எரிச்சலும் இருக்கிறதா? நாலு நாள் நன்றாக இருந்து மறுபடி வருகிறதா? நம்மில் பலர் இதை "உடம்புச் சூடுதான், எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா போயிரும்" என்று விட்டுவிடுகிறோம். இது இமை அழற்சியாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை பிளெஃபரைட்டிஸ் என்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. மெட்ராஸ் ஐ வந்தால் வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இமை அழற்சி அப்படித் தொற்றாது, ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கூடவே இருக்கும். குழுக் கூட்டத்தில் கண் சிவந்த அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்தால், மற்றவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தள்ளி உட்காருவது நடக்கிறது. அதற்குக் கூச்சப்பட்டே சிலர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வருடக்கணக்காக இமை ஓரம் சிவந்தே இருக்கிற ஒருவரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஏன் வருகிறது?

நம் இமை ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. மேல் இமையில் சுமார் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 இருக்கும். இவற்றிலிருந்து கசியும் எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய ஆடையாகப் படர்ந்து, கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது. இந்த எண்ணெய் கெட்டியாகிவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அந்த மாதிரிதான். அப்புறம் கண்ணீர் காய்ந்து, கண் எரிந்து, எரிச்சலால் இன்னும் நீர் கொட்டும். "தண்ணியாக் கொட்டுது, நீங்க கண்ணு காய்ஞ்சிருக்குங்கிறீங்களே" என்று மருத்துவரிடம் கேட்காதவர்கள் குறைவு. இரண்டும் ஒன்றாக நடப்பதுதான்.

வேறு காரணங்களும் உண்டு. தலையில் பொடுகு அதிகம் உள்ளவர்களுக்கு இமையிலும் அதே தொல்லை வரும். தோலில் இயல்பாகவே இருக்கும் கிருமிகள் இமை ஓரத்தில் பெருகிவிடலாம். இமை முடியின் வேர்க்காலில் டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி வாழும். நிறையப் பேருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, இது இருக்கும். அளவு மீறினால்தான் அரிப்பு. விறகு அடுப்புப் புகையும் தூசியும் நோயை உண்டாக்குவதை விட, இருக்கிற நோயைக் கிளறிவிடும்.

அடிக்கடி கண்கட்டி வருகிறவர்களுக்கும் அடியில் இந்த நோய் இருக்கலாம். நாமக்கட்டி உரைத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிக்குக் காத்திருப்பதை விட, இமையைக் காட்டிவிடுவது நல்லது. அப்படியே சர்க்கரை அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்வது?

இதை அடியோடு ஒழிக்கும் மருந்து கிடையாது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். அதில் முக்கால்வாசி நம் கையில்தான், காசும் அதிகம் ஆகாது.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் வையுங்கள். சூடு பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருக்கட்டும். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். துணி ஆறிவிடும், ஆகவே திரும்பத் திரும்ப நனைத்து 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டால் உறைந்த எண்ணெய் இளகாது. இளகியதும், மூடிய இமையை விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக, அதாவது எப்போதும் முடியை நோக்கி. கண்ணை அழுத்தக் கூடாது.

பிறகு கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, குழந்தைகளுக்கான ஷாம்பு சில சொட்டு கலந்து, துணி நுனியை நனைத்து, இமை முடியின் அடியில் படிந்த செதிலைத் துடைத்து எடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி. கடைசியில் சுத்தத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஷாம்பு எரிச்சல் தந்தால் விட்டுவிட்டு, கொதித்து ஆறிய நீரை மட்டும் பயன்படுத்தலாம். காய்ந்த செதிலை நகத்தால் பிய்க்கவே கூடாது, புண்ணாகும்.

ஆரம்பத்தில் காலை, மாலை இரண்டு வேளை. குணம் தெரிய சில வாரங்கள் ஆகும். தெரிந்த பிறகு ஒரு வேளை போதும், ஆனால் நிறுத்தக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். "சரியாப் போச்சு"ன்னு விடுவோம், மறு மாதம் திரும்பி நிற்கும். பல் துலக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இமைக்குள் மை தீட்டுவதை, கண் ஆறும் வரை நிறுத்திவையுங்கள். பொடுகுக்கு மருத்துவர் சொல்லும் ஷாம்புவைப் போடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம்.

மருந்துக் கடையில் கவனம்

"கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். போட்ட மறுநாளே சிவப்பு அடங்கிவிடும். அதனால் "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுவோம். ஆனால் இதை மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெடும். கண்புரையும் சீக்கிரம் வரலாம். நரம்பு கெட்டுப் போன பார்வை திரும்ப வராது. ஸ்டீராய்டு சில நேரம் தேவைதான், ஆனால் எத்தனை நாள் என்பதை கண் மருத்துவர் சொல்ல வேண்டும்.

மருத்துவர் சிலருக்கு இமையில் தடவக் களிம்பும், சிலருக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் தருவார். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை அவர்களுக்கு ஏற்றதல்ல. ஒருவருக்குத் தந்ததை மகளுக்கோ மருமகளுக்கோ கொடுக்காதீர்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, இமைத்தும் தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். குழந்தைகளுக்கு இமை அழற்சி கருவிழி வரை பாதிக்கலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. ஒரே கண்ணில், ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, அந்த இடத்தில் மட்டும் இமை முடி கொட்டியிருந்தால், அது சாதாரண அழற்சியாக இல்லாமல் இமைப் புற்றாக இருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் சீக்கிரம் கண்டால் அறுவை செய்து அகற்றலாம். சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. இலவச முகாமுக்குப் போனால், அங்கே பெரும்பாலும் புரையைத்தான் தேடுவார்கள். வரிசையில் நிற்கும்போதே "இமை ஓரமும் அரிக்குது, பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்துப் பாட்டில்களையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.