எப்போதாவது எழுதுபவரைத் தவறவிடாமல் வாசிக்க

அரியலூர் மாவட்டத்தின் காரைவெட்டி ஏரிக்கு வலசைப் பறவைகள் வருவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியைப் பற்றி எழுதுகிறவருக்கும் அதுதான் எழுதும் பருவம். பெரம்பலூர்ப் பக்கம் வந்தால், 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன சாத்தனூர்க் கல்மரம், காரைப் பகுதியின் கடல் புதைபடிவங்கள். அரியலூர்ப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டு அகழாய்வு. இவற்றைப் பற்றிய நல்ல எழுத்து தினமும் வராது. களத்துக்குப் போய் வந்தால் ஒரு பதிவு வரும்; அடுத்தது வர நாலைந்து மாதம்கூட ஆகலாம்.

சமூக ஊடகங்களில் இப்படிப்பட்டவர் சீக்கிரம் கண்ணில் படாமல் போகிறார். அடிக்கடி எழுதுபவரையும் நிறைய விருப்பம் பெறுபவரையும்தான் அவை முன்னுக்குக் கொண்டுவருகின்றன. வாசகராலும் முப்பது வலைப்பதிவுகளைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தச் சிக்கலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்த கருவி ஒன்று இருக்கிறது. ஃபீட் ரீடர் என்றும் ஓடை வாசிப்பான் என்றும் சொல்வார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நாம் பார்க்கும் பக்கங்களோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோப்பையும் வலைப்பதிவு வைத்திருக்கும். அண்மையில் வந்த இடுகைகளின் தலைப்பு, தேதி, முகவரி, உள்ளடக்கம், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி ஆகியவை அதில் இருக்கும். அலங்காரமோ விளம்பரப் பட்டையோ இருக்காது. இந்தக் கோப்புதான் ஓடை. பிளாக்கரும் வேர்ட்பிரஸும் இதைத் தாமாகவே உண்டாக்கிவிடுகின்றன. தம் பதிவுக்கு ஓடை இருப்பதே தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வாசிப்பான் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பிருக்கும் வழங்கியிடம், “நான் கடைசியாக வந்துபோன பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?” என்று கேட்கும். மாறவில்லை என்றால், 304 என்ற எண்ணோடு ஒரு சிறு பதில் வரும். கோப்பு இறங்காது, இணையச் செலவும் மிச்சம். மாறியிருந்தால் கோப்பை வாங்கி, அடையாளக் குறிகளை ஒப்பிட்டு, புதிதாக வந்ததை மட்டும் நம் முன் வைக்கும். ஒருவர் ஏழு மாதம் கழித்து எழுதினாலும் அந்த இடுகை தவறாமல் வந்து சேரும். எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

ஆர்எஸ்எஸ் என்ற இந்த ஏற்பாட்டை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 2005இல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. வாசிப்பான்களுக்கு இரண்டும் புரியும். தமிழ் வாசகர்கள் இதன் பயனை அறிந்தது தமிழ்மணம் வழியாக. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய அந்தத் திரட்டி, பதிவர்களின் ஓடைகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியது. சின்ன ஊரிலிருந்து எழுதியவருக்கும் அதே முகப்பில் இடம் கிடைத்தது. அன்றைய தமிழ் வலைப்பதிவுகளின் எழுச்சிக்கு இதை ஒரு பெரிய காரணமாக நான் கருதுகிறேன். ஆனால் திரட்டியில் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். உங்கள் பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ள வாசிப்பான் வேண்டும். 2005இல் வந்த கூகுள் ரீடரைப் பலர் நம்பியிருந்தார்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடியது. அதன் பிறகு ஓடையே செத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் மூடப்பட்டது ஒரு கடை மட்டுமே. இன்றும் பாட்காஸ்ட் செயலிகளுக்குப் புதிய ஒலிப்பதிவு வந்து சேருவது பெரும்பாலும் ஓடை வழியாகத்தான்.

இப்போது தொடங்க விரும்புகிறவர் ஆண்ட்ராய்டு போனில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர் ஆகியவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் கணக்கு திறக்கத் தேவையில்லை. போனிலும் கணினியிலும் மாறி மாறி வாசிப்பவருக்கு ஃபீட்லி, ஐநோரீடர் போன்றவை தோதுப்படும். பிடித்த வலைப்பதிவின் முகப்பு முகவரியை நகலெடுத்து ஒட்டினாலே பெரும்பாலும் போதும், ஓடை இருக்கும் இடத்தை வாசிப்பானே கண்டுபிடித்துக்கொள்ளும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

பலர் கவனிக்காத ஒரு வசதியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குறிச்சொல்லுக்கும் தனி ஓடை உண்டு. தமிழக வரலாறு முழுவதையும் எழுதித் தள்ளும் ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் உங்களுக்கு வேண்டியது கங்கைகொண்ட சோழபுரம் மட்டும் என்றால், அந்தக் குறிச்சொல்லைத் திறந்து, முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து வாசிப்பானிடம் கொடுங்கள். மற்றவை வராது. உள்ளூர் வரலாற்றைத் தேடிச் சேகரிக்கும் பள்ளி ஆசிரியருக்கு இதைவிட உதவும் வசதியை நான் கண்டதில்லை.

செய்தித் தளங்களை இதில் சேர்க்காதீர்கள். நாளொன்றுக்கு நூறு தலைப்புகள் வந்து குவிந்தால், காரைவெட்டிப் பதிவு அடியில் புதைந்துவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தனி அடைவில் போட்டுவிடுங்கள். ஓபிஎம்எல் என்ற கோப்பாக உங்கள் பட்டியலை அவ்வப்போது இறக்கி வைப்பதும் அவசியம். கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, அந்தப் பட்டியலை எடுத்துவைத்திருந்தவர்கள் வேறு வாசிப்பானில் அதை ஏற்றிவிட்டுத் தொடர்ந்து வாசித்தார்கள்.

பெரம்பலூர், அரியலூர் பதிவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளாக்கரின் அமைப்புகளில் தள ஓடை என்ற பகுதியைத் திறந்து, ‘முழுமை’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘சுருக்கம்’ என்றிருந்தால் முதல் சில வரிகள்தான் வாசகரை எட்டும். முகவரியை மாற்றுவதற்கு முன்பே பழைய முகவரியில் ஓர் இடுகை எழுதிச் சொல்லிவிடுங்கள், அதுவும் ஓடையில் எல்லோருக்கும் போய்விடும்.